எந்த லெஃப்ட்?

பெரம்பூர் மாமாவிடம் ஒரு ராஜ்தூத் 350 இருக்கிறது. யமஹா ஆர்டி 350-ஐ எஸ்கார்ட்ஸ் கம்பெனி 1983-லிருந்து இங்கேயே தயாரித்து விற்ற வண்டி. ரெண்டு சிலிண்டர், டூ ஸ்ட்ரோக், ஆறு கியர். கிளம்பிவிட்டால் பறக்கும். கிளப்புவதுதான் மாமாவின் முழுநேர வேலை, பேங்க் உத்தியோகம் சும்மா பார்ட் டைம்.

பிளக்கில் எப்போது பொறி வர வேண்டும் என்று முடிவுசெய்யும் பாயிண்ட்ஸ் என்ற குட்டி சுவிட்ச் வைத்த வண்டி. தேயத் தேய டைமிங் மாறும், மாமா எமரி பேப்பரோடு உட்காருவார். ஒருவழியாக எலக்ட்ரானிக் இக்னிஷன் மாட்ட முடிவெடுத்தார். செட் பார்சலில் வந்தது. கூட வந்த வயரிங் படம் தீப்பெட்டி அளவு. "காயில் மட்டும் புதுப்பேட்டைல பாத்துக்கலாம் வா மாப்ளே" என்று இழுத்துப் போனார். வோல்ட்டை ஏற்றிப் பிளக்குக்குப் பொறி தருவது காயில்தான்.

புதுப்பேட்டையில் எதைக் கேட்டாலும் கிடைக்கும். கேட்டதேதான் கிடைக்குமா என்பது வேறு விஷயம். கடைக்காரர் ரெண்டு காயில் எடுத்துப் போட்டார். ரெண்டும் கறுப்பு, ஒரே சைஸ். மாமாவுக்குப் பரம திருப்தி. ரிச்சி தெருவில் வாங்கிய மல்டிமீட்டர் என் பையில் இருந்ததால் வைத்துப் பார்த்தேன். ஒன்று நாலு ஓம் காட்டியது, இன்னொன்று அரை ஓம்.

அரை ஓம், சிடிஐ என்ற வேறு வகை இக்னிஷன் உள்ள வண்டிக்கானது. அதில் கெப்பாசிட்டர் சில நூறு வோல்ட்டை ஒரே போடாகக் காயிலில் கொட்டும், அதனால் ஓம் குறைவாக இருக்கலாம். மாமா வாங்கிய செட் அந்த ஜாதி இல்லை. பேட்டரியின் 12 வோல்ட்டைக் காயிலில் ஓடவிட்டு, வேண்டிய நேரத்தில் சட்டென்று அறுத்துப் பொறி வரவைப்பது. அதில் அரை ஓமை மாட்டினால் 24 ஆம்பியர் வரை இழுக்கப் பார்க்கும், செட்டே புகைந்துவிடும். "அதுவும் சூப்பரா ஓடும் சார்" என்று சொல்லிக்கொண்டே கடைக்காரர் மாற்றிக் கொடுத்தார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் டேங்க்கைக் கழற்றினோம். காயில் அதற்கு அடியில்தான் இருக்கும். டேங்க் கீழே இறங்கியதும் தெரு மேலே ஏறியது. இஸ்திரிக்காரர், தண்ணி கேன் பையன், அப்புறம் கோச் ஃபேக்டரியில் எலக்ட்ரீஷியனாக இருந்து ரிட்டையரான எதிர்வீட்டு சார். சார் முக்காலியோடு வந்து ஹெட்லைட்டுக்கு நேரே உட்கார்ந்துவிட்டார்.

யமஹாவில் சாவியிலிருந்து வரும் வயர் பழுப்பு, இடது காயிலுக்கு ஆரஞ்சு, வலதுக்குச் சாம்பல் நிறம். இந்த வண்டியில் எல்லாமே பச்சை. முன்னாள் மெக்கானிக் யாரோ ஒரே சுருளில் மொத்த வண்டியையும் முடித்திருக்கிறார். மீட்டரின் பீப் சத்தத்தை வைத்து ஒவ்வொன்றாகத் தேடிப் பிடித்தோம். சீட்டில் உட்கார்ந்து மாமா கனெக்‌ஷன் கொடுக்க, எதிரே சார் படத்தைப் பார்த்து "இது லெஃப்ட், இது ரைட்" என்று எடுத்துக் கொடுத்தார்.

பிளக்கைக் கழற்றி, கேப்பில் சொருகி, சிலிண்டர் தலையில் சாய்த்து வைத்து உதைத்தால் ரெண்டிலும் நீலப் பொறி, படபடவென்று. தெருவே கைதட்டியது. பிளக்கை உள்ளே மாட்டி உதைத்தார் மாமா. சைலன்சரில் 'டமார்'. வண்டிக்கடியில் படுத்திருந்த நாய் போன திசையே தெரியவில்லை.

"கரண்ட் சரியா இருக்கு. பெட்ரோல்தான்" என்றார் சார். அவ்வளவுதான். "இப்பல்லாம் 20 பர்சென்ட் எத்தனால் கலக்கறான் சார்" என்றார் இஸ்திரிக்காரர். கார்புரேட்டர் அடைப்பு என்றான் கேன் பையன். மாமா உதைத்துக்கொண்டே இருந்தார், அதுவும் டமார் டமார் என்றுகொண்டே இருந்தது.

இந்த எஞ்சினில் ஒரு பிஸ்டன் உச்சியில் இருந்தால் மற்றது அடியில் இருக்கும். ரெண்டு வயரும் இடம் மாறினால், பிஸ்டன் அடியில், எக்ஸாஸ்ட் வழி திறந்து கிடக்கிற நேரமாகப் பார்த்துப் பொறி வரும். வெளியே வைத்துப் பார்த்தால் பொறி அமோகமாகத்தான் தெரியும்.

"சார், நீங்க லெஃப்ட்னு சொன்னது உங்க லெஃப்டா, வண்டியோட லெஃப்டா?" என்று கேட்டேன்.

உதைப்பது நின்றது. "படத்துல எப்படி இருக்கோ அப்படித்தான் சொன்னேன்" என்றார் சார். "வண்டில உக்காந்திருக்கறவன் நான். என் லெஃப்ட்தான் லெஃப்ட்" என்றார் மாமா. "முப்பது வருஷ சர்வீஸ்ல எனக்கு யாரும் லெஃப்ட் ரைட் சொல்லித் தந்ததில்ல" என்று சார் எழுந்தே விட்டார். படம் கைமாறிக் கைமாறி, கடைசியில் தலைகீழாகக் கேன் பையனிடம் போய்ச் சேர்ந்தது.

"ஸ்டாண்டு பக்கம், கிக்கர் பக்கம்னு சொல்லிக்கோங்களேன் சார்" என்றார் இஸ்திரிக்காரர், தேய்ப்பதை நிறுத்தாமலே.

ஸ்டாண்டு பக்கத்து வயரைக் கிக்கர் பக்கம் மாற்றினோம். ஒரே உதை. நரம்பெல்லாம் அதிரும் அந்த ஆர்டி சத்தம், கூடவே கொசு மருந்து வண்டி வந்ததுபோல் தெரு அடைக்கப் புகை. சார் மாமாவின் கையைப் பிடித்துக் குலுக்கினார். "நான் சொன்ன லெஃப்ட்தான் இது" என்று ரெண்டு பேரும் ஒரே நேரத்தில் சொன்னார்கள்.

மொட்டை மாடியிலிருந்து அத்தை எட்டிப் பார்த்தாள். "வத்தல் காயப் போட்டிருக்கேன். ஆஃப் பண்றீங்களா, இல்ல நாளைக்குக் குழம்புல 2டி ஆயில் வாசனையோட சாப்பிடறீங்களா?"