பங்கு விட்ட வீடும் வாங்கிய வீடும்

"காரைக்குடிப் பக்கம், அதுவும் செட்டியார் வீட்டுப் பிள்ளை. சொந்த வீடு இல்லையா?" என்று வங்கி அலுவலர் சிரித்துக்கொண்டே கேட்டார். நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பு எனக்கு ஏழு வாரம் அலைச்சல் வைத்தது.

கழனிவாசல் பக்கம் 28 லட்சத்துக்கு ஒரு சின்ன வீடு அமைந்தது. நான் ஒரு கடையில் கணக்கு பார்க்கிறேன், 34,000 சம்பளம். மனைவிக்குத் தனியார் பள்ளியில் 18,000. இருவருக்கும் சேர்த்து வருஷத்துக்கு 6.24 லட்சம். பிரதமர் வீட்டு வசதித் திட்டத்தின் வட்டி மானியம் நமக்குக் கிடைக்குமா என்று முதலில் போன வங்கியில் கேட்டேன். "அது 2022லேயே முடிஞ்சு போச்சு சார்" என்றார்கள். முடிந்தது பழைய திட்டம். நகர்ப்புறத்துக்கான 2.0 திட்டம் 2024 செப்டம்பர் 1ஆம் தேதி தொடங்கியது. அன்றைக்குப் பிறகு ஒப்புதலான கடனுக்கு இதில் மானியம் உண்டு. இதைச் சொன்னது அடுத்த தெருவில் இருந்த இன்னொரு வங்கி. இல்லை என்று ஒரு மேசையில் சொன்னால் இன்னொரு மேசையில் கேட்காமல் வீட்டுக்கு வரக்கூடாது.

குடும்ப வருமானம் 9 லட்சத்துக்குள், வீட்டின் மதிப்பு 35 லட்சத்துக்குள், கடன் 25 லட்சத்துக்குள், உள்ளளவு 120 சதுர மீட்டருக்குள் இருக்க வேண்டும். கடனில் முதல் 8 லட்சத்துக்கு மட்டும் 4 சதவீத வட்டி மானியம், அதிகபட்சம் 1.80 லட்சம், ஐந்து வருஷத் தவணைகளில். நகர எல்லைக்குள் வீடு இருக்க வேண்டும் என்பதால் எங்கள் கிராமத்தில் வாங்கியிருந்தால் இந்த வழி அடைபட்டிருக்கும்.

எல்லாம் பொருந்தி வந்தது. கடைசியில் ஒரு உறுதிமொழிப் பத்திரம் நீட்டினார்கள். இந்தியாவில் எங்கேயும் எனக்கோ மனைவிக்கோ மணமாகாத பிள்ளைகளுக்கோ பக்கா வீடு, அதாவது நிரந்தரமாகக் கட்டிய வீடு, இல்லை என்று எழுதியிருந்தது. பேனாவை எடுத்தவன் வைத்துவிட்டேன்.

ஊரில் எங்கள் வீடு ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடிகிறது. பர்மா தேக்குத் தூண், முகப்பு, முற்றத்தைச் சுற்றிய வளவு இரண்டு. வீட்டு வரி ரசீது இன்னும் பாட்டையா பெயரில் வருகிறது. எத்தனை புள்ளிக்கு, அதாவது மணமான குடும்பத்துக்கு, பங்கு என்று கேட்டால் பெரியப்பச்சி (பெரியப்பா) விரல்விட்டு எண்ணி, பாதியில் நிறுத்தி, மறுபடி எண்ணுவார். அதில் எங்கள் பங்கை ஆச்சி (அக்கா) கல்யாணச் செலவுக்காக 1998இல் அப்பச்சி (அப்பா) பெரியப்பச்சிக்கே விட்டுக்கொடுத்துவிட்டார். அது வாய்வழித் தகவல். வங்கி வக்கீலுக்கு வாய்வழி போதாது.

"பூர்வீகச் சொத்துன்னா பிறக்கும்போதே உங்களுக்குப் பங்கு உண்டு. உங்கப்பா விட்டது அவர் பங்கையா, உங்க பங்கையும் சேர்த்தா? பங்கை விட்ட விடுதலைப் பத்திரத்தைப் பார்க்காம நான் கையெழுத்துப் போட முடியாது" என்றார். அன்றைக்கு எரிச்சலாக இருந்தது. இப்போது யோசித்தால் அந்த மனிதர் சரியாகத்தான் கேட்டார்.

பத்திரம் எங்கே? அப்பச்சி பெட்டகத்தில் இருக்கும் என்றார், ஆத்தா வெள்ளத்தில் நனைந்துவிட்டது என்றார். வில்லங்கம் போட்டுப் பார்க்கலாமென்றால் புல எண் வேண்டும். பழைய வீடெல்லாம் நத்தத்தில், அதாவது ஊர்க் குடியிருப்பு நிலத்தில், இருப்பவை. ரசீதில் இருப்பதோ வெறும் கதவு எண். கிராம நிர்வாக அலுவலரைப் பார்த்து நத்தம் புல எண்ணை வாங்கி, வில்லங்கத்தில் ஆவண எண்ணைக் கண்டுபிடித்து, சார்பதிவாளர் அலுவலகத்தில் நகலுக்கு மனுப் போட்டேன்.

நகல் கைக்கு வந்ததும் அங்கேயே மரத்தடியில் நின்று படித்தேன். இரண்டாவது பக்கத்தில், "தனக்காகவும், தன் மைனர் குமாரனுக்குக் கார்டியனாகவும்" என்ற வரிக்குப் பக்கத்தில் என் பெயர், வயது 10. விட்டுக்கொடுத்ததில் எனக்கும் கை இருந்திருக்கிறது, எனக்குத்தான் தெரியாது. அன்றைக்குச் சாயங்காலம் அப்பச்சியிடம் காட்டினேன். கண்ணாடியைப் போட்டு அவர் கையெழுத்தை மட்டும் பார்த்துவிட்டு, "மை நல்லா நிக்குது" என்றார். வேறெதுவும் பேசவில்லை. இப்பவும் முன்னோருக்குப் படைக்கிற படைப்புக்கு அந்த வீட்டுக்குத்தான் போகிறோம், கோயிலுக்குப் புள்ளி வரியும் கட்டுகிறோம்.

வக்கீல் சம்மதித்த பிறகு காரியம் வேகமாக நடந்தது. குடும்பத்தில் எல்லோருடைய ஆதார், வருமானச் சான்று, இரண்டு பேர் பெயரிலும் பத்திரம். கையைக் கடித்தது பதிவுச் செலவுதான். முத்திரைத் தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2, ஆக 9 சதவீதம். 28 லட்சத்துக்கு 2,52,000. இதை வங்கி கடனில் சேர்க்காது. மானியத்தை நம்பி இறங்குகிறவர்கள் முதலில் இந்தத் தொகையை எடுத்துவைத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் மானியம் கைக்கு வராது, கடன் கணக்கில்தான் விழும்.

கடன் 20 லட்சம், 20 வருஷம், 8.5 சதவீதம், மாதம் 17,356. முதல் மாதத் தவணையில் 14,167 வட்டிக்கே போனது. வருஷம் முழுக்கக் கட்டினாலும் அசலில் குறைவது 40,000க்குக் கொஞ்சம் கீழேதான். அந்தக் கணக்கில் மானியத்தின் முதல் 36,000 விழுந்ததைப் பார்த்தபோதுதான் அலைந்ததற்கு அர்த்தம் புரிந்தது. கிட்டத்தட்ட இன்னொரு வருஷத்து அசல் அது.

ஒன்று கவனிக்க வேண்டும். ஒவ்வொரு தவணை மானியம் வரும்போதும் கடன் உயிரோடு இருக்க வேண்டும், அசலில் பாதிக்கு மேல் பாக்கி இருக்க வேண்டும். சித்திரையில் சீட்டு எடுத்து மொத்தமாகக் கடனில் போடலாமா என்றாள் மனைவி. பாதியைத் தொடுகிற அளவுக்குச் சீட்டு எங்களிடம் இல்லை என்றாலும், மாடிப்படிக்கு இன்னும் கைப்பிடி வைக்கவில்லை. அப்பச்சி ஒவ்வொரு தடவையும் சுவரைப் பிடித்துத்தான் ஏறுகிறார். சீட்டுப் பணம் அதற்கு.