வெளிச்சத்தைப் படமெடுக்க ஓர் உருண்டை

கணினியில் உருவாக்கிய பொருளொன்றை, உண்மையான இடத்தில் எடுத்த காட்சிக்குள் பொருத்தும்போது, அது அங்கேயே இருந்ததுபோலத் தோன்ற வேண்டுமானால், அந்த இடத்துக்கு எந்தத் திசையிலிருந்து எவ்வளவு வெளிச்சம் வந்தது என்பது தெரிந்திருக்க வேண்டும். அதற்கு, அங்கே ஒரு பளபளப்பான உருண்டையை நிறுத்தி, வெவ்வேறு எக்ஸ்போஷர்களில் (கேமராவுக்குள் விடும் வெளிச்சத்தின் அளவுகளில்) பல படங்கள் எடுத்து, அவற்றை, மிகப் பிரகாசமானதையும் மிக இருண்டதையும் ஒருசேரக் காட்டும் ஒரே ஹெச்டிஆர் படமாக இணைத்து, அந்தப் படத்தையே ரெண்டர் செய்யும்போது (கணினி இறுதிப் படத்தைக் கணக்கிட்டு உருவாக்கும்போது) ஒளிமூலமாகப் பயன்படுத்தும் முறையைக் கணினி வரைகலை ஆய்வாளர் பால் டெபெவெக் 1998-ஆம் ஆண்டு சிக்ராஃப் என்னும் கணினி வரைகலை மாநாட்டில் விரிவாக முன்வைத்தார். 360 பாகைக் கேமராக்கள் வந்த பிறகும் நான் உருண்டையை விடவில்லை. என் பழைய உருண்டை கீழே விழுந்து நசுங்கிவிட்டதால், சென்ற மாதம் புதிதாக ஒன்றைத் தேட நேர்ந்தது.

முதன்முதலில் நான் பயன்படுத்தியது கிறிஸ்துமஸ் மரத்தில் தொங்கவிடும் கண்ணாடிப் பந்து. விலை மலிவு, எடையும் இல்லை. ஆனால் அதன் வெள்ளிப்பூச்சு கண்ணாடியின் உட்புறத்தில் இருக்கிறது. வெளிப்புறக் கண்ணாடியும் தன் பங்குக்குக் கொஞ்சம் வெளிச்சத்தைத் திருப்பி அனுப்புவதால், ஒவ்வொரு விளக்குக்கும் பக்கத்தில் மங்கலான இரட்டை ஒன்று தெரியும். விளிம்பை நெருங்க நெருங்க அந்தக் கண்ணாடிப் பிரதிபலிப்பு வலுத்துக்கொண்டே போகும். பிரதிபலிக்கும் பரப்பு வெளியிலேயே இருக்கும் உலோக உருண்டைதான் இந்த வேலைக்கு ஏற்றது என்பதை அன்றே முடிவு செய்துவிட்டேன்.

உலோகத்தில் மிகத் துல்லியமான வட்ட வடிவம் பேரிங்குக்கான எஃகுக் குண்டுகளுக்கே உண்டு. வடிவத்தில் அவற்றை மிஞ்ச எதுவுமில்லை. ஆயினும் 3 அங்குலக் குண்டு ஏறத்தாழ 1.8 கிலோ எடை இருக்கும். அதைவிடப் பெரியதைத் தூக்கிக்கொண்டு அலைவது எனக்குச் சாத்தியமில்லை. சிறிய உருண்டையின் உண்மையான தொல்லை வேறு. படமெடுப்பவரின் உருவம் உருண்டைக்குள் எவ்வளவு இடத்தை அடைத்துக்கொள்கிறது என்பது உருண்டையின் அளவைப் பொறுத்ததன்று, அவர் நிற்கும் தூரத்தைப் பொறுத்தது. ஏபிஎஸ்-சி என்னும் சற்றே சிறிய சென்சார் கொண்ட என்னுடைய கேமராவில் 200 மி.மீ. லென்ஸைப் பொருத்தி, உருண்டை படத்தின் உயரத்தை நிரப்பும்படி எடுத்தால், 8 அங்குல உருண்டைக்கு இரண்டரை மீட்டர் தள்ளி நிற்கலாம். 3 அங்குலக் குண்டுக்கோ ஏறத்தாழ ஒரு மீட்டர் தூரத்துக்கு வந்துவிட வேண்டும். அவ்வளவு நெருங்கினால் வானத்துக்கும் சுவருக்கும் நடுவே நானும் என் முக்காலியும்தான் பெரிதாகத் தெரிவோம். ஆகவே மேசைமேல் வைக்கும் சிறு பொருள்களுக்குக் குண்டு, மற்றவற்றுக்கெல்லாம் பெரிய உருண்டை என்று பிரித்துக்கொண்டேன்.

பெரிய உருண்டைக்கு நான் போனது எவர்சில்வர் கைப்பிடி செய்யும் பட்டறைக்கு. மாடிப்படிக் கைப்பிடியின் முனையிலும் வாயிற்கதவின் தூணிலும் பொருத்துகிறார்களே, அதே உள்ளீடற்ற உருண்டைதான். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. 1980களின் தொடக்கத்தில் கணினி வரைகலை முன்னோடி ஜீன் மில்லர் இதே நோக்கத்துக்காகப் படமெடுத்ததும் தோட்டத்தில் அழகுக்கு வைக்கும் உருண்டையைத்தான்.

பட்டறைக்காரர் எட்டு உருண்டைகளை எடுத்து வைத்து, அவற்றுள் அதிகம் மின்னிய ஒன்றை என்னிடம் நீட்டினார். மின்னுவதை மட்டும் பார்த்து வாங்குவதுதான் இதில் எல்லோரும் செய்யும் தவறு. எஃகு தன்மேல் விழும் வெளிச்சத்தில் ஏறக்குறைய அறுபது விழுக்காட்டைத்தான் திருப்பித் தரும் என்றாலும், அந்த இழப்பு எல்லாத் திசைகளுக்கும் ஏறக்குறைய ஒரே அளவானது. ஒரு சாம்பல் அட்டையை உருண்டைக்கு அருகே பிடித்து, அட்டையும் அதன் பிரதிபலிப்பும் ஒரே படத்தில் விழும்படி எடுத்து, இரண்டின் மதிப்புகளையும் வகுத்துப் பார்த்தால் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றுக்கும் தனித்தனி எண் கிடைத்துவிடும். பிறகு படம் முழுவதையும் அந்த எண்களால் வகுத்தால் போதும். வடிவத்தில் உள்ள கோணலை இப்படி எந்த எண்ணாலும் சரிசெய்ய முடியாது.

வடிவத்தைச் சோதிக்கக் கருவி எதுவும் தேவையில்லை. உண்மையான கோளத்தை எப்படிச் சுழற்றினாலும் அதில் தெரியும் பிம்பம் அசையக் கூடாது. உருண்டையைத் தரையில் ஒரு வளையத்தின்மேல் அமர்த்தி, கூரையிலிருந்த டியூப்லைட்டின் பிம்பத்தைப் பார்த்துக்கொண்டே மெல்லச் சுழற்றினேன். மிக அதிகமாக மின்னிய அந்த உருண்டையில் டியூப்லைட் பாம்புபோல நெளிந்தது. எட்டில் இரண்டில் மட்டுமே அது ஏறத்தாழ அசையாமல் நின்றது. அவ்விரண்டின்மேலும் கைப்பேசி விளக்கை அடித்தபோது, ஒன்றில் ஒளிப்புள்ளியைச் சுற்றி மெருகேற்றிய கீறல்கள் பனிமூட்டம்போலப் படர்ந்தன. வெயிலில் அந்த உருண்டை சூரியனை வானத்தில் பூசிவிடும்; நிழல்களின் கூர்மையும் அதோடு போய்விடும். மங்கலாக இருந்தாலும் புள்ளியைப் புள்ளியாகவே காட்டிய மற்றொன்றை வாங்கிக்கொண்டேன். பட்டறைக்காரருக்கு என் தேர்வில் மதிப்பு வந்ததாகத் தெரியவில்லை.

இத்தகைய உருண்டை இரண்டு அரைக்கோளங்களைப் பற்றவைத்துச் செய்யப்படுவதால், நடுவே ஒரு பட்டை இருக்கும். எவ்வளவு மெருகேற்றினாலும் அங்கே பிம்பம் சற்றே இழுபடும். உருண்டையின் வடிவக் கணக்கே இதற்கு வழிவிடுகிறது. படத்தில் உருண்டையின் மையத்தில் தெரிவது கேமரா நிற்கும் திசை. ஆரத்தின் 0.707 பங்கை எட்டும்போது சரியாகப் பக்கவாட்டுத் திசை வந்துவிடுகிறது. உருண்டைக்குப் பின்னால் இருக்கும் பாதி உலகம் முழுவதும் அதற்கு வெளியே உள்ள வளையத்துக்குள் நசுக்கப்பட்டு, நேர் பின்திசை விளிம்போடு விளிம்பாக மறைந்துவிடுகிறது. எனவே பட்டை கேமராவுக்குக் குறுக்காக, உருண்டையின் வெளிக்கோட்டில் விழும்படி திருப்பி வைத்தால், எப்படியும் பயன்படாத அந்த விளிம்பிலேயே அது அடங்கிவிடும். தாங்கு கம்பிக்கான நட்டையும் பட்டையிலிருந்து சம தூரத்தில், பின் அரைக்கோளத்தின் உச்சியில் பற்றவைத்துத் தரச் சொன்னேன். கம்பி பின்னாலிருந்து வந்து உருண்டையின் மறைவிலேயே நின்றுகொள்கிறது.

இனி என் உருவத்தை நீக்குவதும், விளிம்பில் நசுங்கிய பகுதியை மீட்பதும்தான் மீதி. அதற்குத் தொண்ணூறு பாகை நகர்ந்து இரண்டாவது வரிசைப் படங்களை எடுக்கிறேன். நேர் எதிரே சென்று எடுத்தால் பயனில்லை. முதல் படத்தில் நான் நின்ற திசை அங்கே விளிம்பில் போய் ஒளிந்துகொள்ளும். இடம் மாறும்போது உருண்டையையும் என்னோடு சேர்த்துத் தொண்ணூறு பாகை திருப்ப வேண்டும். மறந்தால் பட்டை நட்டநடுவில் நெடுக்காகக் கிடக்கும். முதல் நாளே அப்படி ஒரு முறை மறந்து, வெயில் இறங்குவதற்குள் முக்காலியைத் தூக்கிக்கொண்டு மறுபடியும் ஓடினேன்.