பி செல்களின் மேல் விழுந்த சந்தேகம்

மதினிக்கு மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்று உறுதியானது முதல், விசாரிக்க வரும் உறவினர்கள் நிலவேம்புப் பொடியையோ சீந்தில் பொடியையோ கையோடு கொண்டுவந்துவிடுகிறார்கள். எதிர்ப்புச் சக்தி குறைந்ததால் வந்த நோய், அதைக் கூட்டினால் போய்விடும் என்பது அவர்கள் கணக்கு. அவர்கள் அன்பில் குறை சொல்ல முடியாது, கணக்குதான் தலைகீழ். மூளையிலும் தண்டுவடத்திலும் பார்வை நரம்பிலும் உள்ள நரம்பிழைகளைச் சுற்றியிருக்கும் மையலின் என்னும் கொழுப்புறையை, எதிர்ப்பு மண்டலமே அந்நியப் பொருளாகக் கருதித் தாக்குவதுதான் இந்த நோய்.

மதினிக்கு அது கண்ணில்தான் தொடங்கியது. மதுரையில் நாங்கள் பார்த்த கண் மருத்துவர், சொட்டு மருந்துக் குப்பியின் சிவப்பு மூடியை இரு கண்களுக்கும் மாற்றி மாற்றிக் காட்டினார். வலக்கண்ணுக்குக் குங்குமச் சிவப்பாகத் தெரிந்த மூடி இடக்கண்ணுக்கு வெளுத்த செங்கல் நிறமாகத் தெரிந்தது. பார்வை நரம்பு அழற்சி என்று கூறி நரம்பியல் மருத்துவரிடம் அனுப்பினார். ஸ்கேனுக்குப் பின் முதுகில் நீர் எடுத்துச் சோதித்தபோது, அதில் எதிர்ப்பொருள், அதாவது கிருமிகளைப் பிடிக்க எதிர்ப்பு மண்டலம் சுரக்கும் புரதம், பட்டைகளாகத் தெரிந்தது.

மூளைத் தண்டுவட நீரில் எதிர்ப்பொருள் மிகுந்திருப்பது 1940-களிலேயே அறியப்பட்ட செய்தி. எதிர்ப்பொருளைச் சுரப்பவை, ரத்த வெள்ளணுக்களில் ஒரு வகையான பி செல் வழிவந்த செல்கள். ஆயினும் பல பத்தாண்டுகள் குற்றவாளிக் கூண்டில் நின்றவை இன்னொரு வகை வெள்ளணுக்களான டி செல்கள் மட்டுமே. ஏனெனில் ஆய்வக எலிகளில் செயற்கையாக உண்டாக்கும் ஒத்த நோயை, டி செல்களை மட்டும் மாற்றிச் செலுத்தியே வரவழைக்க முடிந்தது. சான் பிரான்சிஸ்கோவிலுள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் ஸ்டீபன் ஹாசருக்கு எலியின் நோய் மனித நோயைப் போலத் தோன்றவில்லை. 1990-களில் மார்மோசெட் என்னும் சிறு குரங்குகளை அவர் குழு ஆராய்ந்தபோது, மனித மூளையில் காணும் சிதைவை ஒத்த சிதைவு உண்டாக எதிர்ப்பொருளும் தேவைப்பட்டது. பி செல்களை ஒழித்துப் பார்க்கலாம் என்ற அவருடைய திட்டத்தை, நிதி வழங்குவோரிடம் மதிப்பீடு செய்தவர்கள் உயிரியல் நோக்கில் பொருந்தாதது என்று ஒதுக்கினார்கள்.

ஆயினும் அந்தச் சோதனை நடந்தது. நிணநீர்ப் புற்றுநோய்க்குப் பயன்பட்டுவந்த ரிட்டுக்சிமாப் மருந்தை 104 மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் நோயாளிகளிடம் சோதித்த முடிவுகள் 2008-இல் வெளியாயின. மருந்து பெற்றவர்களின் மூளையில் புதிய அழற்சிப் புள்ளிகள், போலி மருந்து பெற்றவர்களோடு ஒப்பிட 91 சதவீதம் குறைந்திருந்தன. என்னைக் கட்டிப்போடுவது இதற்கடுத்த புதிர். இந்த மருந்து சிடி20 என்ற புரதம் தாங்கிய பி செல்களைத்தான் அழிக்கும். எதிர்ப்பொருளைச் சுரக்கும் பிளாஸ்மா செல்களில் பெரும்பாலும் அந்தப் புரதம் இல்லாததால், அவை தப்பிவிடும். எதிர்ப்பொருள் பெரிதும் குறையாமலே, சில வாரங்களில் நோய் அடங்கியது. அப்படியானால் ஹாசர் சந்தேகித்த ஆள் சரி, குற்றம்தான் வேறு: பி செல் இங்கே அடிப்பவனாக அல்ல, மையலின் துணுக்கை டி செல்லிடம் காட்டிக் கோள்மூட்டுபவனாக இயங்குகிறது என்பதே இன்று வலுப்பெற்றுள்ள விளக்கம். ஒருவர் தம் கருதுகோளின் ஒரு பாதி பிசகியும் வெல்வது அறிவியலில்தான் நடக்கும் என்று நினைக்கிறேன்.

பி செல்களுக்குள் தங்கும் எப்ஸ்டீன்-பார் வைரஸ் தொற்றிய பின் இந்நோய் வரும் வாய்ப்பு 32 மடங்கு உயர்வதை, ஹார்வர்டின் ஆல்பர்டோ அஸ்கேரியோ குழு 2022-இல் காட்டியது. அவரும் ஹாசரும் 2025-இல் பிரேக்த்ரூ பரிசைப் பகிர்ந்துகொண்டார்கள்.

ரிட்டுக்சிமாபுக்குப் பின்வந்த ஒக்ரிலிசுமாப் 2017-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. அதன் விலை எங்கள் கைக்கு எட்டாதது. ரிட்டுக்சிமாபின் உள்நாட்டு வடிவத்தை டாக்டர் ரெட்டீஸ் நிறுவனம் 2007-லேயே கொண்டுவந்ததால், மதினிக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை அதுவே ஏறுகிறது. தொடங்கும் முன் காசநோய்க்கும் ஹெபடைடிஸ் பி-க்கும் சோதித்தார்கள், போட வேண்டிய தடுப்பூசிகளையும் போட்டார்கள். சீந்தில் பொடி டப்பாக்கள் பிரிக்கப்படாமலே பரணில் இருக்கின்றன. எதிர்ப்புச் செல்களைக் குறைக்க ஒரு பக்கம் மருந்து ஏற்றிக்கொண்டு, மறுபக்கம் அவற்றைத் தூண்டிவிடப் பொடி தின்பதைவிடப் பேதைமை ஏது?

தொடக்கத்திலிருந்தே மெல்ல மெல்ல முற்றும் வகை நோயில் மட்டும் இந்த வெற்றி சிறுத்துவிடுகிறது. அங்கே ஒக்ரிலிசுமாப் ஊனம் கூடும் அபாயத்தை 24 சதவீதமே குறைத்தது. அந்த நிலையில் அழற்சி மூளைக்கே உரிய எதிர்ப்புச் செல்களான மைக்ரோகிளியாவிடம் ஊன்றிவிடுகிறது; ரத்தத்தில் ஏற்றும் இம்மருந்தோ ரத்தத்துக்கும் மூளைக்கும் இடையிலுள்ள தடுப்பைக் கடந்து மிகச் சொற்பமாகவே உள்ளே போகிறது.