ஏழாம் எண் படுக்கை

ஆகஸ்ட் 3
அப்பாவுக்கு இன்றும் பேச்சு வரவில்லை.

ஆகஸ்ட் 4
மூளையின் இடப்பக்கம் அடிபட்டதால் வலக்கையும் பேச்சும் சேர்ந்தே போயின என்றார் மருத்துவர். நாம் சொல்வது ஓரளவு புரியுமாம். பதிலுக்குத்தான் சொல் வராதாம். வேதாகமத்தின் ரோமர் 10:9 நெஞ்சில் வந்து உட்கார்ந்துகொண்டது. இரட்சிக்கப்பட இயேசுவை வாயினால் அறிக்கையிட வேண்டும், இருதயத்தில் விசுவாசிக்க வேண்டும். இருதயத்தில் இருக்கிறதா என்று, வாய் இருந்த காலத்தில் நான் ஒருநாளும் கேட்கவில்லை.

ஆகஸ்ட் 5
அத்தை, மீனாட்சி கோவில் குங்குமத்தை அழுதுகொண்டே அப்பாவின் நெற்றியில் இட்டார். நான் தடுக்கவில்லை.

ஆகஸ்ட் 7
தூக்கம் இல்லை. ஞாயிறுதோறும் அப்பா அம்மாவைச் சைக்கிளில் அழைத்துவந்து ஆலய வாசலில் இறக்கிவிட்டு, ஆராதனை முடியும்வரை ஜன்னலோர வேப்பமரத்தடியில் நிற்பார். மழையிலும் உள்ளே வந்ததில்லை. காணிக்கைக்குப் புது நோட்டாகப் பார்த்துக் கொடுப்பார். இவற்றையெல்லாம் பட்டியலிட்டேன், கிழித்துப் போட்டேன். இரட்சிப்பு கிருபையினால், விசுவாசத்தைக்கொண்டு, கிரியைகளினால், அதாவது நற்செயல்களால், அல்ல என்று எபேசியர் இரண்டாம் அதிகாரத்தை மனப்பாடம் செய்து வளர்ந்த நானா கணக்கு எழுதுவது?

எட்டாம் படுக்கைக்குத் துணையிருக்கும் கத்தோலிக்க அக்கா, கிரியையில்லாத விசுவாசம் செத்தது என்று யாக்கோபின் நிருபத்தை நினைவூட்டினார். மார்ட்டின் லுத்தரின் 1517 சீர்திருத்தம் முதல் பிளந்து கிடந்த லுத்தரன், கத்தோலிக்க சபைகள் இரண்டும் 1999 அக்டோபர் 31 அன்று ஆக்ஸ்பர்க்கில் ஒரே அறிக்கையில் கையெழுத்திட்டன: நம் தகுதியால் அல்ல, கிருபையால் மட்டுமே, நற்செயல்கள் அதன் கனி. கனியை நான் ஆயுள் முழுவதும் தின்றிருக்கிறேன். வேர்தான் தெரியவில்லை.

ஆகஸ்ட் 8
மூக்குக் குழாய் மாற்றினார்கள். பார்க்க முடியவில்லை.

ஆகஸ்ட் 10
கோரிப்பாளையத்திலிருந்து நடந்தேன். இயேசுவோடு சிலுவையில் தொங்கி, இரட்சிப்படைந்த கள்ளனுக்கு ஞானஸ்நானம் இல்லை, நன்மை செய்ய நேரமும் இல்லை. ஆனால் வாய் இருந்தது. வைகை மேலுள்ள ஏ.வி. பாலத்தின் நடுவில் மாற்கு நற்செய்தியின் 2ஆம் அதிகாரம் நினைவுக்கு வந்தது. கூரையைப் பிரித்து இயேசுவின் முன் இறக்கப்பட்ட திமிர்வாதக்காரன், உடல் செயலிழந்தவன், ஒரு வார்த்தையும் பேசியதாக இல்லை. இயேசு ‘அவர்கள்’ விசுவாசத்தைக் கண்டார். சுமந்து வந்தவர்களுடைய விசுவாசத்தை! அங்கேயே நின்றுவிட்டேன்.

ஆகஸ்ட் 12
“அப்பா, இயேசுவை...” என்று தொடங்கினேன். தேர்வு வைப்பதுபோல் இருந்தது, முடிக்கவில்லை. சங்கீதம் 23 வாசித்தேன். உதடுகள் கூடவே அசைந்தன. பழகிய வரிகள் சிலருக்குத் தாமாக வரும் என்று பேச்சுப் பயிற்சியாளர் முன்பே சொல்லியிருந்தார். இருக்கட்டும். ஜன்னலுக்கு வெளியே நின்றவருக்கு அது எப்படிப் பழகியது?

ஆகஸ்ட் 14
நாளை காலை மறுபடி ஸ்கேன். இரவு அத்தையும் தங்குகிறார். திமிர்வாதக்காரனைச் சுமந்தவர்கள் நான்கு பேர். அத்தையையும் எட்டாம் படுக்கை அக்காவையும் சேர்த்து எண்ணினேன். மூன்று பேர் இருக்கிறோம்.