ஓயாத மூக்கு: வேட்டை நாய் ஒன்றை வீட்டு நாயாக வளர்த்த அனுபவம்

ஜெர்மன் ஷார்ட்ஹேர்ட் பாயிண்டர் ஒன்றை வாங்கப் போகிறோம் என்று சொன்னதுமே எங்களுக்குக் கிடைத்த அறிவுரை, நாய் வளர்க்கும் எல்லோரும் சொல்வதுதான்: நன்றாக ஓடவிடுங்கள், களைத்துவிட்டால் சும்மா படுத்துக்கொள்ளும். குட்டியாக வந்து இப்போது முழு வளர்ச்சி பெற்றுவிட்ட எங்கள் பெட்டை நாயோடு வாழ்ந்த பிறகு, அந்த அறிவுரையில் பாதிதான் உண்மை என்று உறுதியாகச் சொல்ல முடிகிறது. ஓட்டம் இந்த இனத்தின் உடலுக்குக் கட்டாயம் வேண்டும். ஆனால் ஓட ஓட அதன் மூச்சும் தசையும் வலுப்பெறுகின்றனவே தவிர, மனம் அடங்குவதில்லை. மூக்குக்கு ஒரு வேலையும், வேலையில்லாத நேரத்தில் அமைதியாகக் கிடக்கும் பழக்கமும் சேர்ந்தால்தான் இந்த நாய் வீட்டுக்குள் நிம்மதியாக இருக்கிறது.

இந்த இனம் எதற்காக உருவாக்கப்பட்டது என்பதைப் படித்தபோதே இதற்கான காரணம் புரியத் தொடங்கியது. 19-ஆம் நூற்றாண்டு ஜெர்மானிய வேட்டைக்காரர்கள் ஒவ்வொரு வேலைக்கும் ஒரு நாய் என்று வைத்துக்கொள்ளாமல், புதரில் பதுங்கியிருக்கும் பறவையைக் காட்டித்தரவும், சுடப்பட்டு நீரில் விழுந்ததை நீந்திச் சென்று எடுத்துவரவும், காயம்பட்ட மானின் தடத்தைத் தொடரவும் ஒரே நாய் போதும் என்ற நிலையை விரும்பினார்கள். தரையோடு மூக்கை வைத்து மெதுவாகத் தடம் தேடும் பழைய கனத்த நாய்களோடு ஆங்கிலப் பாயிண்டரைக் கலந்ததால், வேகமும், தலையை உயர்த்திக் காற்றில் வரும் வாசனையைப் பிடிக்கும் திறனும் இந்த இனத்துக்கு வந்தன. ஆண் நாய் 25 முதல் 32 கிலோ வரையும் பெட்டை அதைவிடச் சற்றுக் குறைவாகவும் எடை கொண்டிருக்கும். கால்விரல்களுக்கு இடையே நீந்த உதவும் சவ்வும் உண்டு. வேட்டையே இல்லாத ஒரு வீட்டுக்கு வந்துவிட்டது என்பதற்காக இந்தத் திறன்களில் எதுவும் அதைவிட்டுப் போய்விடுவதில்லை.

குட்டியைத் தேர்ந்தெடுக்கும் முன்பு, இதே இனத்தைப் பல காலம் வளர்த்த ஒரு பெரியவரிடம் பேசினோம். எங்கள் வீடு எவ்வளவு பெரியது என்று அவர் கேட்கவேயில்லை. பகலில் யார் வீட்டில் இருப்பீர்கள் என்றுதான் கேட்டார். மனிதனோடு நெருங்கி வேலை செய்யப் பழக்கப்பட்ட இனம் என்பதால், நாள் முழுவதும் தனியே விடப்பட்டால் கதவைப் பிறாண்டும், கண்டதைக் கடித்துக் குதறும், ஊளையிடும் என்பதை அவர் விளக்கினார். வேட்டைக்கென்றே தொடர்ந்து இனப்பெருக்கம் செய்யப்படும் வம்சத்தில் பிறந்த குட்டிக்குத் துடிப்பு பொதுவாக இன்னும் அதிகம் என்பதையும் அவரிடம்தான் அறிந்தோம். தாய் நாயை நேரில் பார்த்து, பெற்றோர் இருவருக்கும் இடுப்பு மூட்டுக்கான எக்ஸ்ரே எடுக்கப்பட்டிருப்பதை உறுதி செய்துகொண்டு, எட்டு வாரம் நிறைந்த பிறகே குட்டியை அழைத்து வந்தோம்.

முதல் சில மாதங்கள் நான் அஞ்சிய அளவுக்குக் கடினமாக இல்லை. குட்டிகள் நாளொன்றுக்குப் பதினெட்டு மணி நேரம் வரைகூடத் தூங்க வேண்டியவை. தூக்கம் போதாத குட்டிதான் வெறிபிடித்ததுபோல் ஓடிக் கையைக் கடிக்கிறது என்பது தெரிந்திருந்ததால், அப்படிப்பட்ட வேளைகளில் விளையாட்டைக் கூட்டாமல் அதைக் கூண்டில் படுக்க வைத்தோம். எலும்பு முனைகளில் வளர்ச்சி நடக்கும் மென்மையான பகுதிகளான வளர்ச்சித் தட்டுகள் மூடுவதற்கு ஒரு வருடம் முதல் ஒன்றரை வருடம் வரை ஆகலாம் என்பதால், அதுவரை சைக்கிளோடு ஓடவிடுவதும் தார்ச்சாலையில் நெடுந்தூரம் ஓட்டுவதும் கூடாது என்று கால்நடை மருத்துவர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்.

ஆறாவது மாதத்துக்குப் பிறகு வந்த வளரிளம் பருவம்தான் உண்மையான சோதனை. வீட்டுக்குள் அழைத்தால் துள்ளி வரும் நாய், வெளியில் ஒரு புறா எழுந்து பறந்துவிட்டால் நம் குரலையே கேட்பதில்லை. இது திமிர் என்று நினைப்பவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. எந்த நாய்க்கும் வேட்டை என்பது கண்டறிதல், உற்றுநோக்கல், பதுங்கி நெருங்குதல், துரத்தல், கவ்விப் பிடித்தல், கொல்லுதல் என ஒன்றன்பின் ஒன்றாக வரும் செயல்களின் தொடர். பாயிண்டரில் உற்றுநோக்கி அசையாமல் நிற்கும் கட்டத்தைத் தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்து நீட்டியிருக்கிறார்கள். அந்தக் கட்டத்தில் நிற்கும்வரை நாயோடு பேச முடியும். துரத்தல் தொடங்கிவிட்டால் முடியாது. துரத்துவதே அதற்குப் பெரும் பரிசு என்பதால், ஒவ்வொரு துரத்தலும் அடுத்த துரத்தலை இன்னும் எளிதாக்கிவிடுகிறது.

ஆகவே அந்த மாதங்கள் முழுவதும் பத்து மீட்டர் நீளமுள்ள பயிற்சிக் கயிற்றை, கழுத்துப்பட்டையில் அல்லாமல் மார்புப்பட்டையில் மாட்டியே திறந்தவெளிக்கு அழைத்துச் சென்றோம். கழுத்தில் மாட்டினால், ஓடும் வேகத்தில் கயிறு இழுபட்டுக் கழுத்தில் காயம் ஏற்படலாம். கயிற்றின் மறுமுனையில் நின்று நாயைக் கவனிப்பதே எனக்குப் பெரிய கல்வியாக இருந்தது. காற்று எதிரே வீசினால் அது நேராகப் போகாது; இடமும் வலமுமாக வளைந்து வளைந்து, வயலை உழுவதுபோல் முழு இடத்தையும் தேடும். வாசனை கிடைத்த நொடியில் வால் ஆட்டம் மாறும், வாய் மூடிக்கொள்ளும், நடையின் வேகம் குறையும். பிறகு முன்னங்கால் ஒன்று மடங்கி உயர, உடல் முழுவதும் விறைத்து நின்றுவிடும். வாய் மூடுவதற்கும் உடல் விறைப்பதற்கும் இடைப்பட்ட அந்தச் சில நொடிகள்தான் நாம் பேசவேண்டிய நேரம் என்பதைக் கண்டுகொண்ட பிறகு எங்கள் பயிற்சி வேறு வழியில் சென்றது.

பயிற்சியாளர் ஒருவர் சொன்னபடி, அது நின்று பார்க்கும்போது அதட்டி இழுக்காமல், மெதுவான குரலில் பாராட்டிக்கொண்டே பக்கத்தில் போய் நின்றேன். பார்த்துக்கொண்டிருப்பதற்கான அனுமதியையே பரிசாகக் கொடுத்தோம். பிறகு விசில் ஒலிக்குத் திரும்பி வந்தால் கையில் இருக்கும் மிகச் சுவையான உணவு கிடைக்கும், அதன்பின் மீண்டும் தேடப் போகலாம் என்று வழக்கப்படுத்தினோம். அழைப்பது விளையாட்டை முடிப்பதற்காக மட்டுமே என்று நாய் புரிந்துகொண்டால் அது ஏன் வரப்போகிறது? எத்தனை முறை அழைக்கிறோமோ அதில் பெரும்பாலான முறை மீண்டும் விட்டுவிட வேண்டும் என்பதை நான் யாரிடமும் வலியுறுத்துவேன்.

வீட்டுக்குள் மூக்குக்கு வேலை தருவது இதைவிட எளிது, செலவும் இல்லை. மனித மூக்கில் வாசனை உணரும் ஏற்பிகள் ஐம்பது அறுபது லட்சம் அளவில் இருக்க, நாயின் மூக்கில் அவை கோடிக்கணக்கில் உள்ளன. அவ்வளவு பெரிய கருவியைக் கிண்ணத்தில் கொட்டிய உணவை விழுங்குவதற்கு மட்டும் பயன்படுத்தச் செய்வது வீண். காலை உணவைப் புல்லில் தூவிவிட்டுத் தேடித் தின்ன வைக்கிறோம். பயன்படுத்திய கையுறை ஒன்றை வேறொரு அறையில் ஒளித்து வைத்து எடுத்துவரச் சொல்கிறோம். கால் மணி நேரம் இப்படித் தேடிய பிறகு, நீண்ட ஓட்டத்துக்குப் பிறகுகூடக் காணாத ஆழ்ந்த தூக்கத்தில் அது கிடப்பதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

ஓய்வையும் கற்றுத்தான் கொடுக்க வேண்டியிருந்தது. ஒரு பாயை விரித்து, அதில் தானாகப் படுக்கும்போதெல்லாம் சத்தமில்லாமல் ஒரு துண்டு உணவை முன்னங்கால்களுக்கு இடையே வைத்தோம். உணவை நீட்டி ஏவவில்லை. இடுப்பை ஒரு பக்கமாகச் சாய்த்து, தலையைத் தரையில் வைக்கும் தளர்ந்த நிலைக்கு மட்டுமே கொடுத்தோம். மாதக்கணக்கில் பொறுமை வேண்டிய வேலை இது. இன்று விருந்தினர் வந்தாலும் சற்று நேர ஆரவாரத்துக்குப் பிறகு பாய்க்குப் போய்விடுகிறது என்றால் அதற்கு இதுவே காரணம்.

உடல்நலத்தில் நான் மிகவும் அஞ்சுவது வயிறு உப்பி முறுக்கிக்கொள்ளும் நிலை. ஆழ்ந்த மார்புக்கூடு உள்ள எல்லா இனங்களுக்கும் இந்த ஆபத்து உண்டு. எதுவும் வெளிவராமல் திரும்பத் திரும்ப ஓங்கரிப்பது, வயிறு பெருத்து இறுகுவது, எச்சில் வடிவது, நிலைகொள்ளாமல் நடப்பது ஆகியவற்றைக் கண்டால் விடியும்வரை காத்திருக்கக் கூடாது. சில மணி நேரத்தில் உயிர் போய்விடக்கூடும். உணவை இரண்டு மூன்று வேளையாகப் பிரித்துக் கொடுக்கிறோம். உணவுக்கு முன்னும் பின்னும் ஓடவிடுவதில்லை. நீந்திய பிறகு தொங்கும் காதுகளைத் துடைத்து உலர்த்துவதும், வெயில் ஏறிய நேரத்தில் பயிற்சியைத் தவிர்ப்பதும் வழக்கமாகிவிட்டன. இந்த நாய் தானாக நிற்காது என்பதால், போதும் என்று முடிவு செய்யும் பொறுப்பு நம்முடையது.

வேலி இல்லாத சாலையோரத்தில் இன்றும் நாங்கள் கயிற்றைக் கழற்றுவதில்லை. விசிலுக்கு எவ்வளவு நம்பகமாக வந்தாலும் அதில் மாற்றமில்லை. குட்டியிலிருந்தே உடன் வளர்ந்த எங்கள் பூனையோடு அது ஒரே பாயில் தூங்குகிறது, ஆனால் அறிமுகமில்லாத பூனை தோட்டத்தில் ஓடினால் அது வேட்டைப்பொருள்தான். முயல் வளர்க்கும் நண்பர் வீட்டுக்குச் செல்லும்போது நாயை வீட்டில் யாரிடமாவது விட்டுவிட்டுத்தான் போகிறோம்.