அச்சுவினி தொடங்கி ஆயிலியம் வரை

பங்குனி 18, திங்கள் – அச்சுவினி

இன்று யாழ்ப்பாணத்து ஞானி, யோகர் சுவாமியின் குரு, செல்லப்பா சுவாமியின் குருபூசை. பங்குனித் திங்களும் சேர்ந்து வந்துவிட்டது. அக்கா விடியவே பொங்கல் சாமான்களோடு மட்டுவில் பன்றித்தலைச்சி அம்மனுக்கு வெளிக்கிட்டா. நான் வேலைக்குப் போகிற வழியில் நல்லூர்க் கந்தசாமி கோயில் தேரடியில் சைக்கிளை நிறுத்தினேன். காலை ஏழு மணிக்கே மணல் சுட்டது. சமாதியில் விளக்குக் கொளுத்தியிருந்தார்கள்.

1915 பங்குனி அச்சுவினியில் குரு சமாதியானார். 1964 பங்குனி ஆயிலியத்தில் சீடர் யோகர் சுவாமி போனார். நடுவில் 49 வருடம். ஆனால் இந்த வருடப் பஞ்சாங்கத்தில் இரண்டுக்கும் இடையில் எட்டே நாள்தான். அந்த நாள்களில் மனதில் படுவதை எழுதிப் போடலாம் என்று இருக்கிறேன்.

பங்குனி 19, செவ்வாய் – பரணி

செல்லப்பா சுவாமி எழுதி வைத்தவர் இல்லை. பிரசங்கம் செய்தவரும் இல்லை. அரசாங்கக் கச்சேரியில் ஆராச்சி என்ற உத்தியோகம் பார்த்தவர், அதை விட்டுவிட்டுத் தேரடியே கதி என்று இருந்தார். தனக்குள் பேசுவார், சிரிப்பார். கும்பிட வந்தவர்களை ஏசிக் கலைப்பார். சோறு காய்ச்சுவார், வெந்து இறக்கியதும் சாப்பிடாமல் பானையைப் போட்டு உடைப்பாராம். ஊர் அவருக்கு வைத்த பெயர் ‘விசர்ச் செல்லப்பன்’, பைத்தியக்காரச் செல்லப்பன்.

தேருக்கும் கொடிக்கும் வந்த அத்தனை சனமும் அவரைக் கடந்துதான் போயிருக்கும். நானும் அந்தக் காலத்தில் இருந்திருந்தால் பிள்ளையைக் கையில் பிடித்துக்கொண்டு, "அங்கை பாக்காதை, வா" என்று விலகிப் போயிருப்பேன். இதை நினைக்க நெஞ்சு கனக்கிறது.

பங்குனி 20, புதன் – கார்த்திகை

கூட்டுறவுச் சங்கக் கடையில் கணக்கெடுப்பு. அரிசி மூட்டை, சீனி, பருப்பு, வெறும் சாக்கு உட்பட எல்லாம் எண்ணி முடிய இருட்டிவிட்டது. 23 வருடமாக ஸ்டோர் கீப்பர் வேலை. யோகர் சுவாமியும் இதே உத்தியோகத்தில் இருந்தவர் என்பதில் எனக்கு ஒரு தனிச் சந்தோஷம். 1872இல் மாவிட்டபுரத்தில் பிறந்தவர். கிளிநொச்சிப் பக்கம் இரணைமடு நீர்ப்பாசன வேலையில் களஞ்சியம் அவர் பொறுப்பில் இருந்தது.

1905 அளவில் தேரடியால் போனவரைப் பார்த்து, "யாரடா நீ?" என்று ஒரு சத்தம். படலையில் நிற்கும் தெரியாத பொடியனை எங்கள் ஊரில் எவரும் கேட்கிற கேள்விதான். எத்தனை பேரிடம் செல்லப்பா சுவாமி அதைக் கேட்டிருப்பார்! கேட்டவர்கள் விசர் என்று போனார்கள். இந்த ஒருவர் நின்றார். பிறகு களஞ்சியத் திறப்பை (சாவியை)க் கொடுத்துவிட்டு வந்தே விட்டார்.

இன்று என் இடுப்பில் கிடந்த திறப்புக்கோர்வையைக் கொஞ்ச நேரம் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பங்குனி 21, வியாழன் – ரோகிணி

கணக்கில் இரண்டு மூட்டை இடிக்கிறது. எழுத மனமில்லை.

பங்குனி 22, வெள்ளி – மிருகசீரிடம்

மூட்டை கிடைத்துவிட்டது. பின் அறையில் யாரோ மாறி அடுக்கியிருந்தார்கள்.

இன்று எழுத வேண்டியது வேறு. எனக்குப் புராணபடனம் பழக்கியவர் ஒரு பெரியவர். ஒருவர் பாட்டை வாசிக்க மற்றவர் பயன், அதாவது பொருள், சொல்லும் அந்தக் கலையை ஏழு வருடம் அவர் வீட்டுத் திண்ணையில் படித்தேன். ஒரு காசு வாங்கினதில்லை. ஒருமுறை கோயிலில் கந்தபுராணம் வாசித்தபோது என் குரலைச் சனம் புகழ்ந்தது. நானும் இராகத்தை இழுத்துக்கொண்டே போனேன். பயன் சொல்ல இருந்தவர் புத்தகத்தை மூடினார். "குரல் மட்டும்தான் கேக்குது, பொருளைக் காணேல்லை. இனி என்னட்டை வராதை." அத்தனை பேர் முன்னால்.

நான் போகவில்லை. 11 வருடம்.

செல்லப்பா சுவாமியும் யோகரைத் தன்னோடு வைத்துக்கொள்ளவில்லை. ஒரு கட்டுத்தறியில் இரண்டு யானை கட்ட ஏலாது என்று சொல்லிப் போகவிட்டார் என்பார்கள். அந்தக் கதையைப் பிடித்துக்கொண்டு, என்னையும் அப்படித்தான் அனுப்பினார் என்று இவ்வளவு காலம் மனதைத் தேற்றி வந்தேன். அது பொய். யோகர் முற்றி விளைந்து போனவர். நான் ரோசத்தில் போனவன்.

பங்குனி 23, சனி – திருவாதிரை

குருவுக்குச் சுகமில்லை என்று கேள்விப்பட்டு யோகர் சுவாமி கடைசிக் காலத்தில் பார்க்கப் போனார். உள்ளே விடவில்லை. வெளியில் நின்றே பார் என்று குரல் மட்டும் வந்ததாம். அவரும் அப்படியே திரும்பினாராம். இதைச் சின்ன வயதில் கேட்டபோது கோபம் வந்தது. இன்று இரவு கோபம் இல்லை. ஆனால் விளங்கியது என்று சொல்லவும் எனக்குத் தகுதி இல்லை.

பங்குனி 24, ஞாயிறு – புனர்பூசம்

அயலில் ஒரு செத்தவீடு. வந்த ஒருவர் பெற்ற தாயைப் பார்த்து, "எப்பவோ முடிந்த காரியம், அழாதையுங்கோ" என்றார். எனக்குப் பொறுக்கவில்லை.

ஒரு பொல்லாப்பும் இல்லை. முழுதும் உண்மை. நாம் அறியோம். எப்பவோ முடிந்த காரியம். செல்லப்பா சுவாமி தேரடியில் திரும்பத் திரும்பச் சொன்ன இந்த நான்கும் யோகர் சுவாமி வாயால்தான் எங்கள் வீடுகளுக்கு வந்தன. இழப்பில்லாத வீடு எங்கள் ஊரில் எத்தனை? அழுகிறவளின் கையில் எடுத்துக் கொடுக்கிற சொற்கள் இல்லை இவை. தனக்குள் விளைந்தால் ஒருவர் தனக்குச் சொல்லிக்கொள்ளலாம். நான் அந்த அம்மாவுக்குப் பக்கத்தில் பேசாமல் இருந்துவிட்டு வந்தேன்.

பங்குனி 25, திங்கள் – பூசம்

அக்கா கேட்டா: "செல்லப்பா சுவாமியைப் பற்றி இவ்வளவு கதையும் உனக்கு எங்கால தெரியும்?"

யோசித்துப் பார்த்தால் அநேகமாக எல்லாம் சீடர் வழியாகத்தான். கொழும்புத்துறை இலுப்பை மரத்தடியில் இருந்தபோதும், பிறகு அங்கே ஒரு குடிசைக்கு வந்த பின்னும், தேரடியையும் செல்லப்பனையும்தான் யோகர் சுவாமி மீண்டும் மீண்டும் பாடினார். 1935இல் தொடங்கிய ‘சிவதொண்டன்’ இதழ் அந்தப் பாட்டுகளை ஊருக்குக் கொண்டுபோனது. ஒருவர் நின்று பார்த்ததால்தான் இன்று ஊருக்கு அவர் சுவாமி. இல்லாவிட்டால் எங்களுக்கு அவர் விசரர்தான்.

பங்குனி 26, செவ்வாய் – ஆயிலியம்

அரைநாள் லீவு எடுத்துக் கொழும்புத்துறைக்குப் போனேன். சிவபுராணம் படித்தார்கள். வரிசையில் நின்று, பூப்போட்டுக் கும்பிட்டேன்.

திரும்பும்போது சைக்கிளை அந்தப் பெரியவரின் ஒழுங்கைக்குள் விட்டேன். படலை அதேதான், தகரம் மட்டும் புதிது. திண்ணையில் சாய்மனைக் கதிரையில் இருந்தார். கண் மங்கிவிட்டது.

"ஆரது?"

பெயரைச் சொல்ல வாய் வரவில்லை. அப்படியே நின்றேன்.

"ஆரெண்டு கேக்கிறன்!"

"நான்தான் ஐயா." பெயரைச் சொன்னேன். அவர் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. கொஞ்சம் பொறுத்து, "அலுமாரியிலை புத்தகம் இருக்கு, எடு" என்றார்.

கந்தபுராணத்தின் முதல் பாட்டு. இராகம் வைக்காமல் வாசிக்கத் தொடங்கினேன். ‘திகடசக்கரம்’ என்றதும் கையைத் தூக்கினார்.

"பிரி."

"திகழ், தச, கரம்."

"கருத்து?"

"விளங்குகிற பத்துக் கைகள்."

"ம். மேலை படி."

மூன்றாம் பாட்டில் பிழை விட்டேன். நல்ல பேச்சு விழுந்தது. உள்ளிருந்து அவரின் மகள் விளக்குக் கொளுத்திக்கொண்டு வரும்வரை வாசித்தேன். எழும்பும்போது வெள்ளிக்கிழமை நேரத்தோடு வரச் சொன்னார்.