மழையும் ஒரு பையனும்

நாளையோடு எனக்கு ஓய்வு. இலங்கையில் ஹட்டன் பக்கத் தேயிலைத் தோட்டப் பாடசாலையில் ஆசிரியையாகத் தொடங்கி, சிறப்புத் தேவையுள்ள பிள்ளைகளுக்கான விசேட கல்வி அலகுக்குப் பொறுப்பாகி, அதிபராக முடிக்கிறேன்.

அலகின் முதல் வருடம் ஏழு வயதுப் பையன் ஒருவன் வந்தான். கொப்பியைக் கிழிப்பான், பக்கத்துப் பிள்ளையைக் கடிப்பான். "பேய் புடிச்சிருக்கு டீச்சர்" என்றார் அம்மா. நாலு அடி போட்டால் சரியாகும் என்றார்கள் மற்றவர்கள். நான் மூன்று வாரம் குறித்து வைத்தேன்: கடிப்பதற்கு முன் என்ன நடந்தது, பிறகு என்ன நடந்தது. தகரக் கூரையில் மழை கொட்டும் நேரங்களில்தான் எல்லாமே! அந்தச் சத்தம் அவனுக்குத் தாங்கவில்லை. அப்புறம் மேகம் கறுத்தாலே கம்பளியோடு மூலையில் உட்கார வைத்தோம். கடி ஒரேயடியாக நிற்கவில்லை, நன்றாகக் குறைந்தது.

2016 முதல் நம் நாட்டில் 16 வயது வரை கல்வி கட்டாயம். இருந்தும் "இவன கூட்டிட்டுப் போங்க" என்று திருப்பி அனுப்பப்பட்ட பிள்ளைகளோடு, அன்றைய நாள் கூலியை விட்டுவிட்டு, எத்தனை தாய்மார் என் வாசலில் நின்றார்கள். அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

நேற்று அவன் வந்தான், தாடியோடு. வெளியே நல்ல மழை. என் பக்கத்தில் உட்கார்ந்து தேத்தண்ணி குடித்தான்.